இரண்டு மைக்கா, எட்டு மைக்கா? ஐந்து பேர் ராக் குழுவுக்கு வீட்டிலேயே ஒலிப்பதிவு

மொட்டைமாடி:

வணக்கம். கோவை சிங்காநல்லூரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ராக் குழு நடத்துகிறோம். டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார், பாட்டு. சொந்தப் பாடல்கள் ஏழெட்டு கைவசம் இருக்கின்றன. ஸ்டுடியோவில் மணிக்கணக்கு வாடகை கொடுத்தால் இரண்டு பாட்டிலேயே கைக்காசு கரைந்துவிடும். அந்தப் பணத்தில் கருவிகளையே வாங்கிவிடலாம் என்று ஆளுக்குப் பதினாறாயிரம் போட்டு 80,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம்.

இடம் எங்கள் வீட்டு மாடி அறை. 12க்கு 14 அடி, கான்கிரீட் கூரை, ஒரு ஜன்னல், வெளியே கதவு போட்ட படிக்கட்டு அறை. டிரம்ஸ் செட், இரண்டு கிட்டார் ஆம்ப், ஒரு பேஸ் ஆம்ப், மேடையில் பாடப் பயன்படுத்தும் டைனமிக் மைக் ஒன்று, 16 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப் ஆகியவை ஏற்கெனவே இருக்கின்றன.

கடையில் கேட்டால், இரண்டு மைக்கைச் செருகிக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் ஒன்று, ஒரு ஹெட்ஃபோன் மூன்றும் ஒரே பெட்டியில் வரும் தொகுப்பைக் காட்டி, "இது போதும், மிச்சத்துக்கு ஸ்பீக்கர் வாங்குங்கள்" என்கிறார்கள். எங்கள் டிரம்மரோ எட்டு மைக் இல்லாவிட்டால் உட்காரவே மாட்டேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஆறாம்தந்தி:

கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. கிட்டார், பேஸ், பாட்டு எல்லாவற்றையும் ஒவ்வொருவராக உட்கார்ந்து பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு இரண்டு உள்ளீடு தாராளம். ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை நல்ல மைக்கில் போடுங்கள். டிரம்ஸை மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம். எம்டி பவர் டிரம் கிட் இலவசமாகவே கிடைக்கிறது. அக்கம்பக்கத்துச் சண்டையும் மிச்சம்.

ஆனால் அந்தப் பெட்டித் தொகுப்பு வேண்டாம். தனியாகப் பாடி, தனியாகக் கிட்டார் வாசிப்பவருக்காகச் செய்த சரக்கு அது. அதிலிருக்கும் பெரிய கண்டென்சர் மைக், வெறும் சுவர் உள்ள மாடி அறையில் உங்கள் பாடகரோடு சேர்த்துத் தெருநாயையும் எதிர்வீட்டுக் குக்கர் விசிலையும் பதிவு செய்து தரும்.

தாளக்கட்டை:

நான்தான் அந்த டிரம்மர். இதற்காகவே கணக்குத் திறந்திருக்கிறேன்.

ஆறாம்தந்தி அண்ணா, உங்கள் கிட்டாரையும் மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம். அதையும் சேர்த்தே பரிந்துரைத்திருக்கலாமே.

ஒலிப்பட்டறை:

சண்டை வேண்டாம். மைக் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் கிளிக் (காதில் ஒரே வேகத்தில் தட்டும் தாளம்) வைத்து வாசிக்கிறீர்களா, இல்லையா?

மொட்டைமாடி:

இல்லை. முயன்று பார்த்தோம், பாட்டு செத்துப்போகிறது. எங்கள் பாடல்களில் பல்லவி நிதானமாகத் தொடங்கி, கடைசிச் சரணத்தில் டிரம்மர் எங்களை இழுத்துக்கொண்டு ஓடுவார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் மாறுகிறோம்.

ஒலிப்பட்டறை:

அப்படியென்றால் உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். ஆறாம்தந்தி சொன்ன வழி கிளிக்கோடு வாசிக்கிற குழுவுக்குப் பொருந்தும். வேகம் ஏறி இறங்கும் குழு ஒவ்வொருவராக வாசித்தால், முதலில் வாசிப்பவர் எதைக் கேட்டு வாசிப்பார்? நீங்கள் ஒரே நேரத்தில்தான் வாசித்தாக வேண்டும். அதற்கு எத்தனை உள்ளீடு தேவை என்று எண்ணுவோம். காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கு ஒன்று, குச்சியால் படபடவென அடிக்கும் ஸ்நேர் டிரம்முக்கு ஒன்று, டிரம்ஸுக்கு மேலே இரண்டு. பேஸ் நேரடியாக ஒன்று. கிட்டார் இரண்டு. வழிகாட்டுவதற்காகப் பாடும் பாட்டு ஒன்று. கூட்டினால் எட்டு. உங்கள் டிரம்மர் கேட்ட எட்டும் நான் சொல்லும் எட்டும் ஒன்றல்ல; அவருக்கு நாலுதான்.

இன்டர்ஃபேஸ் வாங்கும்போது பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள். ஸ்கார்லெட் 18ஐ20 என்றால் பதினெட்டு மைக் என்று நினைத்துக்கொண்டு கடைக்கு வருபவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அதில் மைக் ப்ரீஆம்ப், அதாவது மைக்கின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் உள்ளீடு, எட்டுதான். மிச்சம் பத்தும் டிஜிட்டல் உள்ளீடுகள்: ஆப்டிக்கல் கம்பி வழியாக வரும் அடாட் எட்டு, எஸ்பிடிஃப் இரண்டு. இன்னும் மோசமான ஏமாற்றம் 4ஐ4. நாலு என்று போட்டிருக்கும், மைக் செருக இரண்டே இரண்டு இடம். ஆகவே "மைக் ப்ரீஆம்ப் எத்தனை?" என்று மட்டும் கேளுங்கள்.

எட்டு ப்ரீஆம்ப் உள்ளவற்றில் 18ஐ20 உங்கள் பணத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பெஹ்ரிங்கர் யுஎம்சி1820 ஏறக்குறைய அதில் பாதி விலையில் கிடைக்கும். இரண்டுக்கும் ஒலியில் வித்தியாசம் இல்லையா என்றால், இருக்கிறது. உங்கள் மாடி அறையில் அது கேட்குமா என்றால், கேட்காது. பெஹ்ரிங்கரிலும் அடாட் உள்ளீடு இருக்கிறது. என்றாவது பதினாறு வேண்டுமென்றால் ஏடிஏ8200 போன்ற எட்டு ப்ரீஆம்ப் பெட்டி ஒன்றை ஒரே கம்பியில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பழையசரக்கு:

லேப்டாப்பே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. தனியாக இயங்கும் மல்டிடிராக் ரெக்கார்டர். டாஸ்காம் 1979இல் போர்ட்டாஸ்டுடியோ 144 என்று கேசட்டில் நாலு டிராக் பதிவு செய்யும் பெட்டியைக் கொண்டுவந்ததிலிருந்து, வீட்டில் பதிவு செய்யும் குழுக்களின் வழி இதுதான். இப்போது அது எஸ்டி கார்டுக்கு மாறியிருக்கிறது. டாஸ்காம் மாடல் 12, ஜூம் எல்-12 இரண்டும் புதிதாக வாங்கினால் உங்கள் கைக்கு எட்டாமல் போகலாம். ஜூம் ஆர்16 பழையது கிடைத்தால் விடாதீர்கள். ஒரே நேரத்தில் எட்டு டிராக் பதிவு செய்யும், கணினியில் செருகினால் இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும்.

வாங்குவதற்கு முன் எட்டு உள்ளீட்டிலும் ஒரே மைக்கை மாற்றி மாற்றிச் செருகிக் கேளுங்கள். உள்ளீட்டின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகியை மெதுவாக முழுச் சுற்று திருப்புங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் விலையைக் குறையுங்கள். ஒரு பக்கம் வந்து வந்து போனால் வாங்காதீர்கள். கண்டென்சர் மைக்குக்குத் தேவையான ஃபேண்டம் பவர் மின்சாரம் அதில் 5, 6 ஆகிய இரண்டு உள்ளீட்டுக்கு மட்டும்தான். டிரம்ஸுக்கு மேலே போடும் இரண்டு கண்டென்சரையும் அங்கே செருகிவிடலாம்.

ஆறாம்தந்தி:

கிளிக் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் எட்டு என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் ஒரு சந்தேகம். இன்டர்ஃபேஸுக்கே பணம் போய்விட்டால் எட்டு மைக்குக்கு எங்கே போவது?

ஒலிப்பட்டறை:

எட்டு மைக் வாங்க வேண்டியதில்லை. பேஸுக்கு மைக்கே வேண்டாம். கிட்டாருக்கென்று இருக்கும் இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீட்டில் நேராகச் செருகிவிடலாம். சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் சத்தம் மெலிந்து, உயிரில்லாமல் வரும். தந்தியின் அசைவை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்புக்கு அதிக மின்தடை உள்ள உள்ளீடு தேவை. வழிகாட்டுப் பாட்டுக்கு உங்கள் மேடை மைக் போதும். மிச்சம் ஆறு.

ஸ்நேருக்கு ஒரு ஷூர் எஸ்எம்57. 1965இல் வந்த மைக், இன்றுவரை மாற்றம் அதிகமில்லை. அமெரிக்க அதிபர்கள் பேசும் மேடையில் நிற்பதும் அதுதான். குச்சியால் அடி வாங்கினாலும் பிழைத்துக்கொள்ளும். போலிகள் ஏராளமாக உலவுவதால் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால் அது எஸ்எம்57 அல்ல.

இரண்டு கிட்டார் ஆம்புக்கும் பெஹ்ரிங்கர் எக்ஸ்எம்8500 இரண்டு. 57இன் விலையில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது. பாடுவதற்கான மைக்தான், ஆனால் ஆம்புக்கு முன்னால் நன்றாகவே வேலை செய்யும். டிரம்ஸுக்கு மேலே சிறிய கண்டென்சர் ஜோடி ஒன்று; பெஹ்ரிங்கர் சி-2 ஜோடியாகவே விற்கிறது. கிக்குக்கு மட்டும் கிக்குக்கென்றே செய்த மைக் வாங்குங்கள். 57ஐ அங்கே வைத்தால் அடியின் "டக்" கேட்கும், "தும்" கேட்காது.

ஸ்பீக்கரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்த அறையில் எந்த ஸ்பீக்கரும் பேஸ் விஷயத்தில் பொய்தான் சொல்லும். காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று நல்லதாக வாங்கி, அதிலேயே மிக்ஸ் செய்து, பிறகு காரிலும் ஃபோனிலும் போட்டுக் கேளுங்கள்.

தாளக்கட்டை:

நாலு மைக்கில் டிரம்ஸ் சரியாக வருமா? டாம்களுக்கு, அதாவது மற்ற டிரம்களுக்கு, தனி மைக் இல்லையே.

ஒலிப்பட்டறை:

வரும். கிளின் ஜான்ஸ் என்ற ஆங்கிலேய ஒலிப்பதிவாளர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இருக்கிறது. மேலிருக்கும் இரண்டு மைக்கில் ஒன்றை ஸ்நேருக்கு நேர் மேலே, ஏறக்குறைய நாலடி உயரத்தில் வையுங்கள். இன்னொன்றைத் தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமுக்குப் பக்கவாட்டில், அந்த டாமைவிடச் சற்று உயரத்தில், டாமைத் தாண்டி ஸ்நேரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். ஸ்நேரின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டுக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும். கண்ணளவு உதவாது. ஒரு மைக் கேபிளின் நுனியை ஸ்நேரின் நடுவில் ஒருவர் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் அதை முதல் மைக்கின் வாய்வரை இழுத்து, அந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, அப்படியே இரண்டாவது மைக்குக்குத் திருப்ப வேண்டும். கட்டைவிரல் மைக்கின் வாயில் வந்து நிற்கும்வரை ஸ்டாண்டை நகர்த்துங்கள். தூரம் ஒன்றாக இருந்தால் ஸ்நேரின் ஒலி இரண்டு மைக்குக்கும் ஒரே நொடியில் சேரும், ஒன்றையொன்று தின்னாது.

பிறகு கிக் மைக்கைத் திறந்து, மென்பொருளில் அதன் ஃபேஸைத் (ஒலி அலையின் ஏற்ற இறக்கத்தை) திருப்பும் பொத்தானை அழுத்தியும் விடுத்தும் கேளுங்கள். எந்த நிலையில் அடிவயிற்றில் அதிகம் இடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்நேருக்கும் இதேபோல். இது ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, மிக்ஸிங்கில் நாள்கணக்கில் ஈக்வலைசரைத் திருகுபவர்கள் பலர்.

கெயின் வைக்கும்போது தாளக்கட்டை தம்பி கடைசிச் சரணத்தில் அடிப்பதுபோல் அடிக்க வேண்டும். சோதனைக்கு எல்லா டிரம்மரும் பூப்போல அடிப்பார்கள், சிவப்பு விளக்கு எரிந்ததும் பூதம் ஏறிவிடும். உச்ச அடி மைனஸ் 10 டெசிபெல்லில் நிற்கட்டும். 24 பிட் பதிவில் அதற்குக் கீழே வேண்டிய இடம் இருக்கிறது. அளவு மீறி உச்சி வெட்டுப்பட்ட, அதாவது கிளிப் ஆன, அடியை மீட்க வழியே இல்லை.

மொட்டைமாடி:

எல்லோரும் ஒரே அறையில் வாசித்தால் கிட்டார் ஆம்பின் சத்தம் டிரம்ஸ் மைக்கில் ஏறிவிடாதா?

ஆறாம்தந்தி:

ஏறும். அதனால்தான் ஆம்ப்களைப் படிக்கட்டு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நீங்கள் மட்டும் டிரம்மரின் முகம் தெரியும்படி அறைக்குள் நிற்க வேண்டும். மைக் கேபிள் எத்தனை மீட்டர் நீண்டாலும் கவலையில்லை. கிட்டார் கேபிள்தான் ஆறு மீட்டரைத் தாண்டினால் கூர்மை மழுங்கும். பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல் ஏதாவது உங்கள் காலடியில் இருந்தால், அதன் எஃபெக்டை அணைத்து வைத்திருந்தாலும் அதற்குள் இருக்கும் பஃபர் என்ற மின்சுற்று இந்தக் குறையைச் சரிசெய்துவிடும்.

ஆம்புக்கு மைக் வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபோனின் டார்ச்சை ஆம்பின் முன்துணியில் சாய்வாக அடித்தால் உள்ளே ஸ்பீக்கர் கூம்பு தெரியும். நடுவிலுள்ள வட்ட மூடியின் விளிம்பும் கூம்பும் சேரும் இடத்தை நோக்கி, துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி மைக்கை வையுங்கள். மூடியின் நடுவுக்குப் போனால் காதைக் கிழிக்கும், கூம்பின் ஓரத்துக்குப் போனால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் இருக்கும். ஒரு அங்குல நகர்வு தரும் வித்தியாசத்தை எந்த விலை உயர்ந்த மைக்கும் தராது. டிஸ்டார்ஷனை மேடையில் வைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிட்டாரும் முழு டிஸ்டார்ஷனில் நின்றால் பதிவில் சேறாகத்தான் வரும்.

மொட்டைமாடி:

ஆம்ப் வெளியே போய்விட்டால் ஐந்து பேருக்கும் ஹெட்ஃபோன் வேண்டுமே? தாமதமாகக் கேட்காதா? லேப்டாப் தாங்குமா?

பழையசரக்கு:

எச்ஏ400 என்று ஒரு சின்னப் பெட்டி, நாலு ஹெட்ஃபோன் போடலாம். யுஎம்சி1820இல் ஹெட்ஃபோன் துளை இரண்டு. ஒன்றில் டிரம்மர், இன்னொன்றிலிருந்து எச்ஏ400க்கு எடுத்து மற்ற நாலு பேர். எல்லோருக்கும் நல்ல ஹெட்ஃபோன் தேவையில்லை. வீட்டில் கிடப்பதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். டிரம்மருக்கு மட்டும் காதை இறுக்கி மூடுவது வேண்டும்.

ஒலிப்பட்டறை:

தாமதத்துக்கு ஒரு கணக்கு. 48 கிலோஹெர்ட்ஸில், மென்பொருளின் பஃபரை (லேப்டாப் ஒரு தடவையில் எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை) 128 என்று வைத்தால் ஒரு பஃபருக்கு ஏறத்தாழ 2.7 மில்லிநொடி. போகவர, மற்றதெல்லாம் சேர்த்தால் அதைப்போலச் சில மடங்கு. காற்றில் ஒலி ஒரு மீட்டர் போகவே ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகிறது. மேடையில் ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிக்கிறீர்கள், யாரும் புகார் சொல்வதில்லை. பதிவின்போது எஃபெக்ட் எதையும் ஏற்றாதீர்கள். தாமதத்தைக் குறைக்க, இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும் ஏசியோ டிரைவர் மென்பொருளையே போடுங்கள். மிக்ஸிங்கின்போது பஃபரை 1024க்கு உயர்த்திக்கொள்ளலாம்.

எட்டு டிராக், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 69 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 4 ஜிபிக்குச் சற்று மேல். உங்கள் லேப்டாப்புக்கு இது சுமையே அல்ல. 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள்.

பதிவு செய்யவும் மிக்ஸ் செய்யவும் ரீப்பர் என்ற மென்பொருள். அறுபது நாள் இலவசமாகப் பயன்படுத்தலாம், அதன் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். அறுபது நாள் கழித்தும் அது நிற்காமல் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பணத்தைக் கட்டிவிடுங்கள்.

தாளக்கட்டை:

சுவருக்கு முட்டை அட்டை ஒட்டலாம் என்று பாடகர் சொல்கிறார். ஏற்கெனவே சேர்க்கத் தொடங்கிவிட்டார்.

ஒலிப்பட்டறை:

முட்டையைச் சாப்பிட்டுவிட்டு அட்டையைப் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்லுங்கள். அது உச்ச ஒலியைக் கொஞ்சம் குறைக்கும், சத்தம் வெளியே போவதைத் துளியும் தடுக்காது, தீப்பிடித்தால் மளமளவென எரியும். கட்டடக் காப்புக்கு விற்கும் ராக்வூல் பலகைகளை நாலு அங்குலத் தடிமனில் வாங்கி, மரச்சட்டம் அடித்து, துணி போர்த்துங்கள். பஞ்சைத் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். முதல் பலகையைச் சுவரில் அல்ல, டிரம்ஸுக்கு நேர் மேலே கூரையில் தொங்கவிடுங்கள். மேல் மைக் இரண்டும் கூரைக்கு அருகில் நிற்கின்றன. கான்கிரீட்டில் பட்டுத் திரும்பும் சிம்பல் தட்டுகளின் ஒலிதான் வீட்டுப் பதிவை வீட்டுப் பதிவு என்று காட்டிக்கொடுக்கும். அடுத்தவை மூலைகளுக்கு. தரைக்கு ஜமக்காளம் போதும்.

அக்கம்பக்கத்தாருக்கு எந்தப் பலகையும் பதில் ஆகாது. நேரில் போய்ச் சொல்லிவிட்டு ஞாயிறு பிற்பகலில் வாசியுங்கள்.

மின்கம்பி:

எல்லோரும் மைக்கையே பேசுகிறீர்கள். மாடி அறையில் எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். கிட்டார் கம்பியில் கைவைத்தபடி மைக்கில் உதடு படும்போது சுருக்கென்று இழுத்தால் அது விளையாட்டல்ல. இரைச்சல் போகிறதென்று எர்த் பின்னை வெட்டச் சொல்லும் அறிவாளிகள் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு உயிரை விடாதீர்கள். இன்டர்ஃபேஸ், லேப்டாப், ஆம்ப் எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். பதிவின்போது லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்தில் பதிவு வேண்டாம். சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் ஆம்பில் ரீங்காரம் நிச்சயம்.

கண்டென்சர் மைக்கைப் பயன்படுத்திய பிறகு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூடுங்கள். ஈரம் ஏறினால் பொரியும் சத்தம் வரும்.

மொட்டைமாடி:

எல்லோருக்கும் நன்றி. யுஎம்சி1820, எஸ்எம்57 ஒன்று, எக்ஸ்எம்8500 இரண்டு, சி-2 ஜோடி, கிக் மைக் ஒன்று, எச்ஏ400, டிரம்மருக்கு ஹெட்ஃபோன் என்று எழுதிக்கொண்டு போனோம். நாங்கள் யாரும் கணக்கில் எடுக்காதது ஸ்டாண்டும் கேபிளும். ஏழு மைக்குக்கு ஏழு ஸ்டாண்டு, ஏழு கேபிள் சேர்ந்ததும் ஒரு நல்ல மைக்கின் விலையைத் தாண்டிவிட்டது. கேபிளை உதிரியாகக் கனெக்டர் வாங்கி நாங்களே பற்றவைத்தோம், அதில் கொஞ்சம் மிஞ்சியது. ராக்வூலுக்கும் சேர்த்துப் பணம் சரியாகப் போதும்.

நேற்று எல்லாவற்றையும் இணைத்துச் சோதித்தோம். டிரம்ஸ் நாலு மைக்கில் இப்படி வரும் என்று நினைக்கவே இல்லை. ஒரே ஒரு தொல்லை. ஒரு கிட்டாரில் மட்டும் "ஜ்ர்ர்" என்று சத்தம். வாசிப்பவர் திரும்பி நின்றால் குறைகிறது, மறுபடி திரும்பினால் ஏறுகிறது. கேபிள் மாற்றிப் பார்த்தும் போகவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து எர்த் சரி என்று சொல்லிவிட்டார்.

மின்கம்பி:

அந்தக் கிட்டாரில் ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்தானே? சீலிங் ஃபேனுக்கு எலக்ட்ரானிக் ரெகுலேட்டரா? ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு ஃபேனை நிறுத்திப் பாருங்கள்.

மொட்டைமாடி:

ஃபேன்தான்! இரண்டில் வைத்தால் கத்துகிறது, ஐந்தில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது, நிறுத்தினால் சுத்தமாக இல்லை. ஆனால் ஃபேன் இல்லாமல் ஐந்து பேர் அடைபட்ட அறையில் டிரம்மர் இரண்டு பாட்டுக்கு மேல் தாங்கமாட்டார்.

தாளக்கட்டை:

ஒன்றரைப் பாட்டு. டேபிள் ஃபேன் வைத்துக்கொள்ளலாமா?

ஒலிப்பட்டறை:

வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் தரையில், மேல் மைக்குகளில் காற்று படாதபடி. டிரம்ஸ் ஓடும்போது அதன் சத்தம் கேட்காது. கடைசி சிம்பல் அடித்ததும் காலால் அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒலி முழுதாக அடங்கும்வரை யாரும் பேசாமல் இருங்கள்.